நாடகத்தின் முதற்பொருள்: கோலசிலாங்கூர், வடசிலாங்கூர்த் தோட்ட அரங்கை முன்வைத்து

நாடக ஆக்கத்தில் தலையாயது எது என்னும் வினாவிற்குத் தமிழில் விடைகள் பல உள. பனுவலே நாடகத்தின் உயிர் என்பர் ஒருசாரார். நடிகனின் உடலும் குரலுமே நாடகம், ஏனையவை துணை என்பர் மற்றொரு சாரார். இயக்குநரின்றி அரங்கில்லை என்பது கடந்த நூற்றாண்டில் வலுப்பெற்ற கருத்து. இவ்விடைகள் அனைத்தும் நாடகத்தைத் தொழிலாகவோ கலைப்பயிற்சியாகவோ கொண்டோரிடமிருந்து வந்தவை. கூலிவேலை செய்து பிழைத்த மக்கள், ஊதியம் எதுவுமின்றி, தமக்குச் சொந்தமில்லாத மண்ணில் நாடகம் நடத்திய இடங்களில் இதே வினாவை எழுப்பினால் என்ன விடை கிடைக்கும்? கோலசிலாங்கூர் வட்டாரத்தையும் அதற்கு வடகிழக்கே ரவாங் முதல் களும்பாங் வரை பரந்திருந்த தோட்டங்களையும் முன்வைத்து இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் பழைய பட்டியல் ஒன்றை நோக்குவோம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஓர் ஆடலரங்கிற்கு வேண்டியவற்றை வேறெந்தத் தமிழ் இலக்கியமும் செய்யாத அளவிற்கு விரித்துரைக்கின்றது. ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் என ஆசிரியர் அறுவரின் தகுதிகள் அங்கே கூறப்படுகின்றன. இருபத்து நான்கு விரல் கொண்ட கோலால் அளந்து ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாக அரங்கு அமைகின்றது. வாயில் இரண்டு, எழினி மூவகை. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு நிறுத்தப்படுகின்றது. இன்றைய ஒளியமைப்பாளர் எவரும் இளங்கோவடிகளைக் குறைகூற இயலாது. ஆயினும் இப்பட்டியலில் ஒன்று இல்லை. காண்போர் வருவார்களா, அவர்களுக்கு அதற்கான பொழுது உண்டா என்ற ஐயம் எங்கும் எழவில்லை. அரசவை இருக்கின்றது, அரசன் இருக்கின்றான், ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் காத்திருக்கின்றது. எனவே அவ்வினா எழத் தேவையில்லை. தோட்டத்தில் முதலில் எழுந்த வினாவோ அதுதான்.

நாம் ஆராயும் நிலப்பகுதியைச் சிறிது விளக்குதல் வேண்டும். சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் மெலாவத்தி குன்றின் அடியில் அமைந்தது கோலசிலாங்கூர். அதனைச் சூழ்ந்து புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், 2007-ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்ற பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களும், அவற்றை ஒட்டி இரப்பர்த் தோட்டங்களும் இருந்தன. இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபொக்கோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீட்டைத் தொடங்கினார். அவரே பின்னர் ‘மலேசி’ என்னும் புதினத்திற்காக 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றார். தோட்டத்தின் பெயரோ தமிழ். தென்னையின் பெயரைத் தாங்கிய தோட்டத்தில் செம்பனை வேரூன்றியது வரலாற்றின் சிறு குறும்பு என்று விட்டுவிடலாம். அச்செம்பனை நாடகத்தையும் தொட்டது என்பதைப் பின்னர்க் காண்போம். கிழக்கே பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கம் 1915 முதல் 1960 வரை இயங்கியது. வடக்கே செரண்டா, பத்தாங் காலி, கோலகுபு பாரு, கெர்லிங், களும்பாங் எனப் பேராக் எல்லைவரை தோட்டங்களே.

இத்தோட்டங்களுக்குத் தமிழரைக் கொணர்ந்தது பெரிதும் கங்காணி முறையாகும். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிவிற்கு வந்தபின் கங்காணிகளே ஆள்சேர்ப்பின் முதன்மை வழியாயினர். 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்யும்வரை இது நீடித்தது. சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், வடஆர்க்காடு, தென்னார்க்காடு முதலான மாவட்டத்தினர் இவ்வாறு வந்து சேர்ந்தனர். நாடக நோக்கில் இதனை மீண்டும் படித்தால் வேறொன்று புலப்படும். வடஆர்க்காட்டிலிருந்து வந்தவர் தெருக்கூத்தை அறிந்தவர். தஞ்சைப் பகுதியினர் காமன் விழாவையும் இலாவணியையும் அறிந்தவர். கொங்கு நாட்டிலிருந்து வந்தவர் அண்ணன்மார் கதையைக் கேட்டு வளர்ந்தவர். தென்பாண்டியினர் இசைநாடகத்தில் தோய்ந்தவர். தாயகத்தில் ஒன்றையொன்று காணாதிருந்த மரபுகள் ஒரே லயத்தில் சுவரை ஒட்டிக் குடியேறின. எந்த மரபும் முழுமையாக வரவில்லை. கூத்தின் அடவு அறிந்தவருக்கு மத்தளக்காரர் கிடைத்திருக்கமாட்டார். பாட்டறிந்தவருக்கு ஆர்மோனியம் கிடைத்திருக்காது. கிடைத்தவற்றைக் கொண்டு ஆக்கிய கலப்பரங்கே தோட்ட நாடகம்.

இக்கலப்பிற்குப் பொதுமொழியாக அமைந்தவை அரிச்சந்திரா, நல்லதங்காள், பவளக்கொடி, வள்ளி திருமணம், சத்தியவான் சாவித்திரி, கோவலன் முதலான கதைகளாகும். தவத்திரு சங்கரதாச சுவாமிகள் (1867–1922) வழிவந்த இசைநாடகப் பாடல்கள் இவற்றுள் பலவற்றிற்கு ஊட்டமளித்தன. சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிய காலத்தை ஒட்டித் தமிழகத்து இசைநாடகம் வலுப்பெற்றிருந்தது. அம்மரபின் ஒரு கூறு இங்குக் கருதத்தக்கது. பாட்டு நிலையாக இருக்கும். உரையாடலின் பெரும்பகுதி மேடையில் பிறக்கும். ஆகவே பனுவல் என்பது ஒரு நூலாக இருக்கவில்லை. சென்னையிலும் மதுரையிலும் அச்சாகிய பெரிய எழுத்துக் கதைகளும் பாட்டுப் புத்தகங்களும் கப்பலேறி வந்தன. எழுத்தறிந்த ஒருவர் படிக்க, அறியாத பலர் கேட்டுப் பாடம் செய்தனர். பாடம் சொல்லித்தந்தவர் ‘வாத்தியார்’ எனப்பட்டார். அவர் பள்ளி வாத்தியாராகவும் இருக்கலாம், பால்மரம் வெட்டுபவராகவும் இருக்கலாம். பனுவலே முதன்மை எனின் இந்நாடகங்கள் தோன்றியிருக்கவே இயலாது.

மேடை, ஒப்பனை முதலியவற்றைப் பற்றி நீளப் பேசத் தேவையில்லை. பீப்பாய்களின்மேல் பலகை அடுக்கினால் மேடை, சேலைகளைக் கட்டினால் எழினி, இரண்டு காஸ் விளக்குகள், முத்துவெள்ளையும் அரிதாரமும். தமிழகத்து நாடகக் குழுக்கள் பார்சி அரங்கிடமிருந்து பெற்ற வண்ணத் திரைகளும், அதே பார்சி அரங்கின் தாக்கத்தால் பினாங்கில் தோன்றிய மலாய் பங்சாவான் அரங்கின் திரைகளும் ஒன்றுக்கொன்று உறவுடையவை. தோட்டத்து மேடை அத்திரைகளைத் தன்னால் இயன்ற அளவில் போலச் செய்தது. இயலாதபோது விட்டுவிட்டது. அதனால் எவரும் எழுந்து போனதில்லை.

அவ்வாறாயின் முதன்மையானது எது? இவ்விடத்தில் தொல்காப்பியரின் கலைச்சொல்லொன்று நமக்குக் கைகொடுக்கின்றது. அகப்பாடலின் உறுப்புகளை முதல், கரு, உரி எனப் பகுத்த அவர், முதற்பொருள் என்பதற்கு நிலமும் பொழுதும் என்றே வரையறை தந்தார். மாந்தர் உணர்வு உரிப்பொருளாக இருக்க, அதனினும் முன்னதாக இடமும் காலமும் வைக்கப்பட்டன. இது பாட்டிற்கு வகுத்த இலக்கணம் என்பதை நாம் மறக்கவில்லை. எனினும் தோட்ட நாடகத்திற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் வேறு கோட்பாட்டில் நமக்குக் கிட்டவில்லை. மேலை அரங்கியலார் பீட்டர் புரூக் 1968-இல் வெளியிட்ட நூலில், வெற்றிடமும் அதில் நடப்பவனும் அவனைப் பார்ப்பவனும் இருந்தால் நாடகச் செயலுக்குப் போதும் என்று கருதினார். குரோட்டோவ்ஸ்கியும் ஏறத்தாழ அதே காலத்தில் நடிகனையும் காண்போனையும் தவிர ஏனையவற்றைக் களையலாம் என்றார். இருவரும் வெற்றிடத்தைத் தாராளமாகக் கிடைக்கும் ஒன்றாக எடுத்துக்கொண்டனர். தோட்டத்தில் வெற்றிடம் எதுவும் இல்லை; ஒவ்வோர் அடி நிலமும் நிறுவனத்தின் கணக்கேட்டில் இருந்தது. வெற்றுப் பொழுதும் இல்லை. நாளின் பெரும்பகுதி செக்ரோலில் பதிவாயிற்று.

பொழுதை முதலில் எடுத்துக்கொள்வோம். பால்மரம் வெட்டுவோரின் நாள் விடியலுக்கு முன்பே பெரட்டில் தொடங்கும். காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்கு வடியும் என்பதால் இருள் நீங்கும் வேளையிலேயே வெட்டு நடந்தாக வேண்டும். பின்னர்ப் பாலெடுப்பு, கொட்டகையில் நிறுவை, பிற்பகலில் விடுதலை. மாலைப்பொழுது சிறிது கையில் எஞ்சும். ஆனால் மறுநாள் பெரட்டு அவர்களை முன்னிரவிலேயே பாயில் தள்ளும். எனவே ஒத்திகை என்பது உறக்கத்திலிருந்து கடன் வாங்கப்பட்ட பொழுதாகும். இது சிறுபொழுது. பெரும்பொழுதும் உண்டு. இரப்பர் மரங்கள் ஆண்டின் தொடக்க மாதங்களில் இலை உதிர்க்கும்; அப்போது பால் குறையும். அதனை அடுத்து வரும் பங்குனி, சித்திரை மாதங்களில்தான் பல தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா. மரம் ஓய்வுகொள்ளும் பருவமும் மக்கள் கூடும் பருவமும் இவ்வாறு நெருங்கி நின்றன. முல்லைக்குக் கார்காலம் போலத் தோட்ட நாடகத்திற்கு இலையுதிர் பருவம் என்றால் அது மிகையன்று.

ஒத்திகை பற்றி இன்னும் சற்று விரிவாக நோக்க வேண்டும். தோட்ட நாடகத்தின் உண்மையான ஆக்கம் அங்கேதான் நிகழ்ந்தது. ஒத்திகைக்கு மூடிய அறை கிடையாது. கோயில் முன்றிலோ ஆயக்கொட்டகையோ லயத்தின் வாசலோதான் களம். பிள்ளைகள் சுற்றி அமர்வர். பெண்கள் வேலையோடு வேலையாகக் கேட்டிருப்பர். வாரக்கணக்கில் நடக்கும் ஒத்திகையின் முடிவில் மேடையேறும் நடிகருக்குத் தெரிந்த பாட்டு முழுவதும் தோட்டத்திற்கும் தெரிந்திருக்கும். விழா இரவில் நிகழ்வது புதிய கதையைக் காண்பதன்று. தெரிந்ததை ஒருங்கே சேர்ந்து மீண்டும் காண்பது. நடிகர் அடியை மறந்தால் கீழிருந்து ஒரு சிறுவன் எடுத்துக்கொடுப்பான். இன்றைய நாடகப் பயிற்சிகளில் ‘பார்வையாளர் பங்கேற்பு’ எனத் தனியே வகுப்பெடுக்கப்படும் ஒன்று, அங்கு வீட்டுச்சுவர் மெல்லியதாக இருந்ததனாலேயே இயல்பாக வாய்த்தது.

பரத முனிவரின் நாட்டிய சாத்திரம் நாடகத்தின் வெற்றியைத் தெய்விகச் சித்தி, மானுடச் சித்தி என இரண்டாகப் பகுத்து, காண்போரின் எதிர்வினைகளை வெற்றியின் அளவுகோலாக வைக்கின்றது. தோட்டத்தில் இவ்வளவுகோல் கடுமையாகவே இருந்தது. நல்லதங்காள் நாடகத்தை எடுத்துக்கொள்வோம். பஞ்சத்தால் பிறந்தகம் நாடிச் சென்ற பெண், அண்ணியின் கொடுமைக்கு ஆளாகி, ஏழு பிள்ளைகளையும் கிணற்றிலிட்டுத் தானும் விழுகிறாள். அவ்வேடம் பூண்டு ஒப்பாரி வைப்பவர் ஆண். கேட்டிருப்போர் இழவு வீடுகளில் ஒப்பாரி பாடிப் பழகிய பெண்கள். பாடுபவரின் மூச்சு எங்கே உடைய வேண்டும், எந்த உறவுப்பெயரை எப்போது அழைக்க வேண்டும் என்பதில் அவர்களே வல்லுநர். அவர்களை ஏமாற்ற இயலாது. மேலும் கடல்கடந்து வந்து பிறந்தகமே இல்லாமற் போன பெண்களுக்கு அக்கதையின் கருப்பொருள் வெறும் கதையன்று. மேடையில் பெண்ணுக்கு இடமளிக்காத அரங்கு, தன் மதிப்பீட்டைப் பெண்களின் கையில் ஒப்படைத்திருந்தது. இம்முரண்பாட்டைத் தோட்ட நாடகம் பற்றிப் பேசுவோர் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது நம் கருத்து.

அரிச்சந்திரன் கதையும் அவ்வாறே. கடனுக்காக மனைவியையும் மகனையும் விற்று, தன்னையும் விற்றுக்கொண்டு, சுடலை காக்கும் அரசன். தன் மகனின் உடலைக் கொணர்ந்த மனைவியிடமே எசமானனுக்குரிய கூலியைக் கேட்டு நிற்கும் கட்டம். தமிழகத்தில் இதனைச் சத்தியத்தின் சோதனையாகக் கண்டனர். கங்காணியிடம் முன்பணக் கடன் பெற்றுக் கப்பலேறிய மக்களின் நடுவே, கடனால் விலைபோன மனிதன் என்னும் பொருள் முன்னே வந்து நின்றிருக்கும். எசமானனின் கணக்கைத் தன் இனத்தாரிடமே தண்டி நிற்கும் ஒருவனை அவர்கள் நாள்தோறும் பெரட்டில் கண்டவர்களாயிற்றே. பனுவல் ஒன்றே, நிலம் மாறியபோது பொருளும் மாறியது.

இனி நிலம். திருவிழாவும் நாடகமும் நடந்த திடல் தோட்ட நிருவாகத்தினுடையது. நாடகம் நடத்தத் துரையின் இசைவு வேண்டும். அவ்விசைவைப் பெற்றுத்தரக் கிராணியின் தயவு வேண்டும். துரைக்கும் பெரிய கிராணிக்கும் முன்வரிசையில் நாற்காலி போடப்படும். இந்நிலையில் கோமாளி, அதாவது பபூன், தனியிடம் பெறுகின்றான். அரசனும் அரசியும் செந்தமிழில் பாடிக்கொண்டிருக்க, அவன் மட்டும் லயத்துத் தமிழில், மலாய்ச் சொற்கள் கலந்து பேசுவான். காசி நகரத்து அங்காடியில் நின்றுகொண்டே தோட்டத்துக் கடைக் கணக்கைப் பற்றிப் பேச அவனுக்கு உரிமை உண்டு. நாற்காலியில் இருப்பவர் சிரித்தே ஆக வேண்டும். சினந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். கூலி குறைந்ததைப் பற்றி நேரே வாய் திறக்க இயலாத இடத்தில் வேடம் ஒன்றே வாயாயிற்று.

இதன் கனத்தை உணர 1941-ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தங்களை நினைவுகூர வேண்டும். ஆர். எச். நாதன் முதலியோரின் முயற்சியில் கிள்ளான் பகுதியில் எழுந்த போராட்டம் சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவியது. ஊதியம் ஒருபுறமிருக்க, தொழிலாளர் கேட்டவற்றுள் கள்ளுக்கடைகளை மூடுதல், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழித்தல், உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோதல், பேச்சுரிமை, கூடும் உரிமை ஆகியவையும் அடங்கும். மே 16 அன்று சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டுப் படை வரவழைக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். உறவினர் வரவும் மக்கள் கூடவும் உரிமை கேட்டே உயிர்விட வேண்டியிருந்த நிலத்தில், ஆண்டுக்கு ஓரிரவு நூற்றுக்கணக்கானோர் விடியும்வரை ஒன்றாக அமர்ந்திருந்தனர். நாடகத்தின் உள்ளடக்கத்தைவிட அவ்விருப்பே பெரிய செய்தி எனலாம்.

போருக்குப் பின்னர் நாடகத்தின் பொருள் மாறத் தொடங்கியது. பெரியார் 1929-ஆம் ஆண்டின் இறுதியிலும் மீண்டும் 1954-இலும் மலாயாவிற்கு மேற்கொண்ட பயணங்கள், கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு, 1950-களில் தொடங்கிய தமிழர் திருநாள், பின்னர் எழுந்த மணிமன்றங்கள் ஆகியவற்றின் வழி சீர்திருத்த நாடகங்கள் தோட்ட மேடையை எட்டின. 1952-இல் வெளிவந்த பராசக்தி திரைப்படம் இளைஞர்களுக்கு நீண்ட வசனங்களின்மீது ஒரு மோகத்தை உண்டாக்கியது. பாட்டு பின்தங்கி உரைநடை முன்வந்தது. சாதியும் கள்ளும் மேடையில் கண்டிக்கப்பட்டன. இவ்விளைஞர் நாடகங்களைப் பழையன கழிதலாகச் சிலர் போற்றுவர். கலைநயம் குன்றியதாகச் சிலர் வருந்துவர். நம் நோக்கில் அம்மாற்றத்தினூடும் முதற்பொருள் மாறாதிருந்தது என்பதே குறிக்கத்தக்கது. அதே திடல், அதே திருவிழா இரவு, அதே மக்கள். ஆகவேதான் அரிச்சந்திரனை அழுது பார்த்தவர்கள் மறு ஆண்டு சீர்திருத்த நாடகத்தையும் இருந்து பார்த்தனர்.

ஆனால் முதற்பொருளைக் காக்க நாடகத்தால் இயலவில்லை. அது பறிபோன வரலாறு நாடகத்திற்கு வெளியே நிகழ்ந்தது. 1948-இல் அறிவிக்கப்பட்டு 1960 வரை நீடித்த அவசரகாலம் முதலில் இரவைப் பறித்தது. வடசிலாங்கூர் அக்காலத்தில் கொந்தளித்த பகுதி. 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் சீனக் கிராமத்தினர் 24 பேர் பிரித்தானியப் படையினரால் கொல்லப்பட்டனர். 1951 அக்டோபரில் கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்குச் செல்லும் பாதையில் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். தோட்டத் தொழிலாளர் வேலியடைத்த குடியிருப்புகளில் ஒருங்கு சேர்க்கப்பட்டனர். பல இடங்களில் இரவு ஊரடங்கு நடப்பில் இருந்தது. விடியவிடிய நிகழ வேண்டிய ஒரு கலைக்கு இதைவிடக் கேடு வேறில்லை.

அடுத்தது நிலம். 1950-களில் ஆங்கிலேய நிறுவனங்கள் தோட்டங்களை விற்றபோது வாங்கியவர்கள் அவற்றைக் கூறுபோட்டனர். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அசீஸ் தம் ஆய்வில் பதிவு செய்தார். துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும் இதன் எதிர்வினையே. 1968-ஆம் ஆண்டின் வேலை உரிமச் சட்டத்தால் குடியுரிமையற்றோர் பலர் தமிழகம் திரும்பினர். இரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தபோது ஆள்தேவை குறைந்தது. இலையுதிர் பருவம் என்பதே மறைந்து, குலை வெட்டு ஆண்டு முழுதும் பரவியது. ரவாங், செரண்டா, புக்கிட் பெருந்தோங் பகுதிகளில் தோட்ட நிலங்கள் வீடமைப்புத் திட்டங்களாக உருமாறின. வேலையோடு பிணைந்த வீடு வேலை போனதும் கைவிட்டுப் போயிற்று. ஒரே லயத்தில் வாழ்ந்தவர்கள் வெவ்வேறு தாமான்களின் மலிவுவிலை வீடுகளுக்குச் சிதறினர். நாடகம் மட்டுமே அழிந்தது என்று வருந்துவது பொருந்தாது. பிழைப்பு பறிபோனவர்களுக்கு நாடகம் பறிபோனது சிறிய இழப்பே. ஆனால் தொலைக்காட்சியும் திரைப்படமும் தோட்ட நாடகத்தைக் கொன்றன என்று நம் வகுப்பறைகளில் எளிதாகக் கூறிவிடும் வழக்கம் திருத்தப்பட வேண்டியது. திரைப்படம் திடலில் நாடகத்தோடு கூடவே வாழ்ந்தது. திடல் போனபோதே நாடகம் போயிற்று.

இலங்கை மலையகத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவுறும். அங்கும் தோட்டத் தமிழரே. திரைப்படமும் தொலைக்காட்சியும் அங்கும் உண்டு. எனினும் மாசி மாதத்தில் காமன் நட்டு, இரதி மதன் ஆட்டம் ஆடி, முழுநிலவில் எரித்து, பின்னர் எழுப்பும் காமன் கூத்து அங்கு இன்றும் நிகழ்கின்றது. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் வழக்கில் உள்ளன. மலையக மக்களுள் பெருந்தொகையினர் இன்னும் லயங்களிலேயே வாழ்கின்றனர் என்பதை இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும். கலை நிலைத்ததற்கும் வறுமை நிலைத்ததற்கும் காரணம் ஒன்றாகவே இருப்பது மகிழத்தக்க செய்தியன்று. எனவே லயத்து வாழ்வை மீட்க வேண்டும் என எவரும் கூறார், நாமும் கூறவில்லை.

வேறு வழி உண்டா? பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962-இல் ‘கர்ணன் போர்’, 1964-இல் ‘இராவணேசன்’ ஆகிய கூத்துகளைத் தயாரித்தபோது, விடியும்வரை ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்தை ஓரிரு மணி நேரத்திற்குள் சுருக்கி, வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். கூத்து நகரத்தாரிடமும் கற்றோரிடமும் மதிப்புப் பெற்றது அவரால்தான். ஆயினும் நாம் இங்குக் கூறிவரும் பொருளில், அவர் கருவையும் உரியையும் காத்து முதற்பொருளை மாற்றினார். பின்னர் 1985-இல் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களால் ஊர் ஊராகச் சென்று ஆடப்பட்டது. பழைய வடிவத்தை அது அப்படியே சுமக்கவில்லை. மக்கள் இருக்கும் இடத்தைத் தேடிச் சென்றது. இந்தியாவில் சப்தர் ஹாஷ்மி 1989 சனவரி 1 அன்று சாகிபாபாத் தொழிலாளர் பகுதியில் தெருநாடகம் நிகழ்த்துகையில் தாக்கப்பட்டு மறுநாள் உயிர் நீத்தார். சனவரி 4 அன்று அவர்தம் துணைவியார் மலயஸ்ரீ உள்ளிட்ட குழுவினர் அதே இடத்திற்குத் திரும்பி, முறிந்த நாடகத்தை ஆடி முடித்தனர். தில்லியில் மண்டபங்கள் இருந்தன. அவர்கள் அவற்றை நாடவில்லை. நிலத்தின் தலைமையை இதனினும் தெளிவாக உணர்த்தும் சான்று அரிது.

நம் பள்ளிகளுக்கு வருவோம். மாணவர் நாடகம் என்பது இன்று பெரும்பாலும் போட்டிக்கு உரியதாகிவிட்டது. ஆசிரியர் பனுவலைத் தேடுவதில் தொடங்குகின்றார். கால வரம்பிற்குள் அதனை நறுக்குகின்றார். பூட்டிய மண்டபத்தில் பயிற்சி அளிக்கின்றார். பிள்ளைகள் நீதிபதிகள் மூவர் முன்னிலையில் ஒருமுறை நடித்துவிட்டு உடை களைகின்றனர். அந்நாடகத்தை அப்பிள்ளைகளின் பாட்டிமார் ஒருபோதும் காண்பதில்லை. மொழி பிழையற்றதாகவும் குரல் ஓங்கியதாகவும் இருந்தும் அவற்றில் ஏதோ ஒன்று குன்றுவதை ஆசிரியர் பலரும் உணர்ந்தே இருக்கின்றனர். நடிப்புப் பட்டறைகளால் இக்குறை நீங்காது. முதற்பொருளில் உள்ள குறையைக் கருப்பொருளைக் கூட்டி நிரப்ப இயலாது.

தொடக்கத்தை மாற்றிப் பார்க்கலாம். எந்தக் கதை என்று கேட்கும் முன் எந்த மாலை, எந்தத் திடல், யார் வருவர் என்று கேட்கலாம். ஒத்திகையை மறைக்காமல் திறந்துவைக்கலாம். தாமானில் வாழும் பழைய தோட்டத்தவர் ஒருவர் அதனைக் கண்டு, ஒப்பாரி அவ்வாறு பாடப்படுவதில்லை என இடைமறித்தால், அவ்விடைமறிப்பிலிருந்தே நாடகம் தொடங்கும். இது செலவு குறைந்த முறையே. ஆனால் காலம் மிகுதியாகக் கேட்கும். பள்ளி நாட்காட்டியில் அக்காலம் எளிதில் கிடைப்பதன்று என்பதை ஆசிரியர்களிடம் நாம் சொல்ல வேண்டியதில்லை.

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் இதற்கான இடங்கள் அற்றுப்போய்விடவில்லை. வீடமைப்புப் பகுதிகளுக்கு இடம்பெயர்ந்த பின்னும் ‘தோட்டத் தமிழ்ப்பள்ளி’ என்ற பெயரை விடாத பள்ளிகள் நாட்டில் பல. அவற்றின் முன்னாள் மாணவர்கள் அப்பெயரின் வழியே இன்னும் ஒருவரையொருவர் அறிகின்றனர். தோட்டத்தை விட்டு வந்தோர் தம் அம்மனையும் உடன் கொணர்ந்து தாமானில் எழுந்தருளச் செய்த கோயில்களில் வெள்ளிக்கிழமை இரவு பூசைக்குப்பின் மக்கள் உடனே கலைவதில்லை. உணவு பரிமாறப்படும் அந்த ஒரு மணி நேரத்தில் பழைய லயத்தார் அடுத்தடுத்து அமர்கின்றனர். திருவிழாக் காலத்தில் அக்கோயில்களின் மேடையில் பரதமும் சொற்பொழிவும் இன்னிசையும் இடம்பெறுகின்றன. நாடகத்திற்கு ஓர் இரவு ஒதுக்கும் கோயில் நிருவாகங்கள் அரிது. அவ்வோர் இரவிற்கு முன்னதாக நாற்பது மாலைகளில் கோயில் முன்றிலை ஒத்திகைக்குத் திறந்துவைக்க வேண்டுமே என்பது அவர்கள் கூறும் தடை. அத்தடை நியாயமானதே, பேசித் தீர்க்கத் தக்கதும் ஆகும்.